சிறைக்கதவு திறந்தால் போதுமா?

திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலே வைத்தியநாதர் கோயில் இருக்கிறது. பெயரிலேயே மருத்துவர். திருமலை நாயக்க மன்னனின் தீராத வயிற்றுவலியைத் தீர்த்தவர் என்று கதை சொல்லுவார்கள். அந்த வலி மெய்யோ, தீர்ந்தது மெய்யோ, நமக்கு அதுபற்றி வழக்கில்லை. காலையில் கோயிற் கதவு தவறாமல் திறக்கிறது, மணி ஒலிக்கிறது, நம்பினவர் உள்ளே போகிறார்கள்.

அதே ஊரில் இன்னொரு வாயிலும் காலையில் திறக்கிறது. விருதுநகர் மாவட்டத்துக்குத் தலைநகர் விருதுநகர். ஆனால் மாவட்ட நீதிமன்றம் இருப்பது திருவில்லிபுத்தூரிலே. இராசபாளையத்து ஆலைத் தொழிலாளியும், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலாளியும், சாத்தூர்க் கரிசல் உழவனும் வாய்தாத் தேதியை மடியில் முடிந்துகொண்டு அங்கே வருகிறார்கள். பேருந்துக்குக் கொடுத்ததுபோக மிச்சமிருப்பதைக் குமாஸ்தாவுக்குக் கொடுத்துவிட்டு, வெறும் வயிற்றோடு மர நிழலில் காத்திருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவனை நினைத்துப் பாருங்கள். பெயர் வேண்டா. நூற்பாலையிலே வேலை, வீட்டிலே கிழத்தாய், மனைவி, இரண்டு பிள்ளைகள். செய்யாத கொலைக்காகப் பிடிபடுகிறான். சாட்சி சொல்கிறவன் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறான். தண்டனை விழுகிறது. மேல்முறையீடு நடக்கிறது, நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. பத்தாண்டு கழித்து, 'இவன் குற்றவாளி என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. விடுதலை செய்கிறோம்' என்று தீர்ப்பு வருகிறது. சிறைக்கதவு திறக்கிறது. கையில் ஊர்போய்ச் சேரப் பேருந்துக் கட்டணம். வந்து பார்க்கிறான். தாய் இல்லை, கொள்ளி வைக்கவும் அவன் இருக்கவில்லை. பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றது. மனைவியின் தாலிச்சரடு மட்டுந்தான் மிச்சம். அதிலிருந்த பொன் வழக்கறிஞர் கட்டணமாக உருகி ஓடிவிட்டது. ஆலையிலே அவனிடத்தில் வேறொருவன். ஊரார் வாயில் அவனுக்குப் பெயர், 'செயிலுக்குப் போனவன்'.

'வாய்மையே வெல்லும்' என்று நம் மாநில அரசின் இலச்சினையிலே பொறித்திருக்கிறார்கள். அந்த வாசகத்துக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் கோபுரம் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிற் கோபுரமே என்று ஊரார் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். நல்லது, வாய்மை வென்றது. வென்ற வாய்மை அந்தத் தொழிலாளிக்கு என்ன கொண்டுவந்து கொடுத்தது? பத்தாண்டுக் கூலியையா? மகளின் பள்ளிப்படிப்பையா? தாயின் கடைசிப் பார்வையையா? 'போகலாம்' என்ற ஒரே சொல்லைத்தான் கொடுத்தது! அந்தச் சொல்லை வைத்து அடுப்பு எரியுமா?

அரசு தவறிச் சிறையிலிட்டால், அந்த அரசே இழப்பீடு கொடுக்க வேண்டும். கருணையாக அன்று, கடனாக. இந்தக் கட்டுரைக்கு அதைத் தவிர வேறு கோரிக்கை கிடையாது.

* * *

இது வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான புதுச்சரக்கு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்களைத் திருத்தங்கல் வரை அழைத்துப் போக விரும்புகிறேன். தொலைவில்லை; சிவகாசியை ஒட்டிய ஊர், இன்று சிவகாசி மாநகராட்சிக்குள் அடங்கியது. சிலப்பதிகாரத்தில் தங்கால் என்று வருவது இந்த ஊர்தான்.

மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொன்னதாக இளங்கோவடிகள் ஒரு செய்தியை வைத்திருக்கிறார். தங்காலிலே வார்த்திகன் என்றொரு மறையவன். அவன் மகன் தக்கிணன், சிறுவன். வழிப்போக்கனாக வந்த பராசரன் என்பவன் அந்தச் சிறுவனின் ஓதுந்திறங் கண்டு மகிழ்ந்து, அணிகலன்களைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனான். ஏழை வீட்டிலே திடீரென்று பொன் மின்னியது. அரசன் ஏவலர்க்குப் பொறுக்கவில்லை. 'இது புதையல், அரசனுக்குச் சேர வேண்டியதை இவன் அமுக்கிக்கொண்டான்' என்று வார்த்திகனைச் சிறையிலே தள்ளினார்கள். அவன் மனைவி கார்த்திகை மண்ணிலே விழுந்து புரண்டு அழுதாள். ஐயை கோயிலின் கதவு அடைத்துக்கொண்டதாம், திறக்கவே இல்லையாம்.

கதவு தானே அடைத்துக்கொண்ட அற்புதத்தை நாம் கதையாகவே கொள்வோம். அதற்குப் பிறகு அந்தப் பாண்டியன் என்ன செய்தான் என்பதிலேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. என்ன கொடுமை நடந்தது என்று உசாவினான். தன் ஏவலர் செய்த தவறு என்று தெரிந்ததும், 'அவர்களைப் போய்க் கேள்' என்று தட்டிக்கழிக்கவில்லை. தன் ஆட்சி தவறியது என்று ஒப்புக்கொண்டு பொறுத்தருள வேண்டினான். தங்காலையும் வயலூரையும் வார்த்திகனுக்குக் கொடுத்தான். மற்றச் சிறைகளையும் திறக்கச் சொன்னான். அதோடும் நிற்கவில்லை. எந்தச் சட்டத்தைச் சாக்காக வைத்து ஏவலர் அவனைப் பிடித்தார்களோ அந்தச் சட்டத்தையே மாற்றி, புதையல் கண்டெடுத்தவனுக்கே உரியது என்று முரசறையச் செய்தான்.

தவற்றை ஒப்புதல், மன்னிப்பு, இழப்பீடு, அதே கதியில் கிடப்போர்க்கு விடுதலை, மறுபடி நேராதபடி சட்டத்திருத்தம். ஐந்தும் ஒரே மூச்சில்! இன்றைய சட்ட நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை, சிவகாசிப் பக்கத்து ஊர் ஒன்றின் கதையிலே நம் காப்பியம் அடக்கி வைத்திருக்கிறது.

'அவன் மறையவன், அதனால் ஊர்கள் கிடைத்தன. உழுகிறவனாக இருந்தால் கிடைத்திருக்குமா?' என்று யாரேனும் கேட்டால், அது நியாயமான கேள்விதான். முடியாட்சியில் ஒருவனுக்குக் கிடைத்தது அரசனின் அருள். குடியாட்சியில் அது எல்லோர்க்கும் உரிமையாக வேண்டும். இல்லையென்றால் முடி இறங்கிக் குடி ஏறியதற்குப் பொருள் என்ன?

அதே காப்பியத்தின் இன்னொரு பக்கத்தையும் மறைக்க வேண்டா. கோவலன் ஏன் வெட்டுண்டான் என்பதற்கு, முற்பிறப்பிலே அவன் ஒருவனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான், அந்த வினை வந்து விளைந்தது என்றும் சொல்லியிருக்கிறது. அந்தப் பேச்சுத்தான் இன்றைக்கும் ஊரிலே ஓயவில்லை. நிரபராதி சிறையிலிருந்து வந்தால், 'அவன் தலைவிதி' என்று பெருமூச்சு விடுகிறார்கள். பொய்ச்சாட்சி தயாரித்தது விதியா? விசாரிக்காமல் விலங்கிட்டது விதியா? மேல்முறையீட்டுக் கட்டை ஆண்டுக்கணக்கில் அலமாரியிலே தூங்க விட்டது விதியா? தலையிலே எழுதிய விதி என்று ஒன்றும் இல்லை. சட்டத்திலே எழுத வேண்டிய விதிதான் எழுதப்படாமல் கிடக்கிறது!

* * *

மடவார் வளாகத்திலிருந்து மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை தெரிகிறது. மலைக்கு இப்புறம் செண்பகத்தோப்பு. அப்புறம் தேனி மாவட்டம், மேகமலை, சுருளி அருவி. இரு பக்கத்துக் காடுகளையும் சேர்த்துத்தான் 2021ஆம் ஆண்டு திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அமைத்தார்கள்.

மலையடிவாரத்துத் தோப்புக்காரர்களைக் கேளுங்கள். இரவிலே யானை இறங்கித் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போகிறது. காலையில் வனத்துறைக்கு மனுக் கொடுக்கிறார்கள், அலுவலர் வந்து எண்ணிப் பார்க்கிறார், இழப்பீடு உண்டு. கறவை மாட்டைக் காட்டு விலங்கு கொன்றால் இழப்பீடு உண்டு. தொகை போதாது, காலத்தில் வருவதில்லை என்ற குறைகள் இருக்கலாம். ஆனால் கொடுக்க வேண்டும் என்பதை அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. சாலை போட நிலத்தை எடுத்தால் இழப்பீடு. அதற்கு 2013ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. குற்றத்துக்கு இரையானவர்க்கு உதவத் தமிழக அரசு 2013இல் ஒரு திட்டம் வகுத்தது. எல்லாம் நல்லவை, வேண்டியவை.

காட்டு யானை மிதித்த தென்னைக்கு விலை உண்டு. அரசாங்க யானை மிதித்த மனிதனுக்கு விலை இல்லை! காட்டு யானையை யாரும் ஏவவில்லை. அரசாங்க யானைக்குப் பாகன் உண்டு, அங்குசம் உண்டு, சம்பளம் உண்டு. ஏவாத விலங்குக்காகப் பொறுப்பேற்கிற அரசு, ஏவிய ஏவலர்க்காகப் பொறுப்பேற்க மறுக்கிறதே, இதை எந்த அறநூல் ஒப்பும்?

அந்த மலைக்கு அப்புறத்துச் செய்தி ஒன்று. 2011இல் சுருளி அருவிப் பகுதியிலே இருவர் கொலையுண்டனர். நெஞ்சை நடுக்கும் கொடுமை. ஒருவர்மீது வழக்கு நடந்தது. 2018இல் தேனி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை உறுதிசெய்தது. 2025 சூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. மரபணு மாதிரிகளைச் சேகரித்ததிலும் காத்ததிலும் அனுப்பியதிலும் இருந்த ஓட்டைகளைச் சுட்டிக்காட்டியது. தூக்குமேடையின் நிழலிலே ஏழாண்டுகள்! அந்தத் தீர்ப்பிலேயே நீதிமன்றம் இழப்பீட்டைப் பற்றியும் பேசியது. நெடுங்காலம் சிறையிலிருந்து விடுதலையானவர்க்கு அமெரிக்கா போன்ற நாடுகளில் சட்டப்படி இழப்பீடு உண்டு என்று குறிப்பிட்டு, இங்கே அதைச் சிந்திக்க வேண்டியது சட்டமியற்றும் மன்றம் என்று விட்டுவிட்டது.

கொலையுண்ட இருவரின் பெற்றோரையும் நினைக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் நினைக்க வேண்டும். பதினான்கு ஆண்டு காத்திருந்த அவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது என்ன? கொன்றவன் யார் என்பதற்கு விடையே இல்லை. வழக்கை ஓட்டையாக நடத்தினால் இரண்டு வீடுகள் ஒருங்கே ஏமாற்றப்படுகின்றன. குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு அரசு கடன்பட்டிருக்கிறது என்றால், கொலையுண்டவர் குடும்பத்துக்கும் அதே தவற்றினாலே கடன்பட்டிருக்கிறது.

* * *

தமிழகம் இந்தக் கொடுமையைப் பெயர் தெரியாதவர்களிடத்திலே மட்டும் கண்டதில்லை. நாடே கொண்டாடிய இருவரிடத்திலே கண்டது. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் இலட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் குத்துண்டு இறந்தார். அடுத்த மாதம் கைதானவர்களில் ஏழிசை மன்னர் தியாகராச பாகவதர் ஒருவர், கலைவாணர் என். எஸ். கிருட்டிணன் ஒருவர். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். வழக்கை மறுபடி ஆராயச் சொல்லி அங்கிருந்து வந்த பின்னரே, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள்.

1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கிலே மூன்று தீபாவளிகளைக் கண்டது. திரையிலே பாகவதர் பாடிக்கொண்டிருந்தார், சிறையிலே வாடிக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது நாடு மாறியிருந்தது, இரசனை மாறியிருந்தது, அவருடைய சந்தையும் மாறியிருந்தது. 'ராஜமுக்தி' எடுத்தார், பழைய வெற்றி திரும்பவில்லை. கலைவாணர் மீண்டும் எழுந்தார். 'நல்லதம்பி'யாக வந்து சிரிக்க வைத்தார், சிந்திக்க வைத்தார். ஆனாலும் 1957இல் அவரும் 1959இல் பாகவதரும் மறைந்தபோது இருவருக்கும் ஐம்பது வயது நிரம்பியிருக்கவில்லை. இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட அந்தச் சிறைவாழ்வுக்கு அன்றைய வெள்ளை அரசும் ஈடு செய்யவில்லை. அதன் நாற்காலியிலே அடுத்து அமர்ந்த அரசும் செய்யவில்லை.

புகழும் பொருளும் படைத்த அவர்களாலே இலண்டன் வரை போக முடிந்தது. கரிசல்காட்டுக் கருப்பனுக்கு இலண்டன் ஏது? டில்லிதான் ஏது? திருவில்லிபுத்தூருக்கு வந்துபோகவே கடன் வாங்குகிறவன், உச்ச நீதிமன்றப் படியை எந்தக் காலத்திலே மிதிப்பான்?

கலைவாணருக்குச் சென்னையிலே சிலை வைத்தோம். 1969 சனவரியில் அண்ணா திறந்துவைத்தார். அரங்கத்துக்கு அவர் பெயர் வைத்தோம். கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2020இலும் 2021இலும் தமிழகச் சட்டமன்றமே கலைவாணர் அரங்கிலே கூடியது. தவறான தண்டனையிலே இளமையைத் தொலைத்த ஒரு கலைஞரின் பெயர்ப்பலகைக்குக் கீழே நுழைந்து, சட்டம் செய்கிறவர்கள் நாள்கணக்கில் அமர்ந்து எழுந்தார்கள். அந்தப் பெயருக்குரியவர் எதை இழந்தாரோ அதைப்பற்றிய சட்டம் மட்டும் இன்றுவரை பிறக்கவில்லை. கண்ணகிக்குக் கல், கலைவாணருக்குச் சிலை! இறந்தவர்க்குக் கல் நாட்டுவதிலே நாம் ஒருபோதும் கஞ்சத்தனம் செய்ததில்லை. இருக்கிறவனுக்கு நீதி நாட்டும்போதுதான் கை நடுங்குகிறது.

* * *

சட்டமே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. கேட்டுச் சிரியுங்கள். காரணமின்றி ஒருவரைக் கைது செய்ய வைத்தால், கைதானவர்க்குக் குற்றவியல் நடுவர் 1,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லலாம். அதுவும் அரசு கொடுப்பதன்று. போலீசைத் தூண்டிக் கைது செய்ய வைத்தவன் கொடுப்பது. 2023இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தையே எடுத்தெறிந்துவிட்டுப் புதிது செய்தார்கள். 'பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா' என்று பெயரை வடமொழியாக்கினார்கள். 2024 சூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் மாறியது, பிரிவு எண் மாறியது. 1,000 ரூபாய் மட்டும் மாறவில்லை!

நீதிமன்றங்கள் வாளாவிருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பீகாரிலே ரூதுல் சா என்பவரை 1968இல் நீதிமன்றம் விடுவித்தது. சிறையதிகாரிகள் விடுவித்தது 1982இல். நிரபராதி என்ற தீர்ப்புக்குப் பிறகு பதினான்கு ஆண்டுச் சிறை! 1983இல் உச்ச நீதிமன்றம் 30,000 ரூபாயும், முன்பு கொடுத்த 5,000மும் ஆக 35,000 ரூபாய் கொடுக்கச் செய்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூடத் தேறவில்லை. இது முழு ஈடன்று, இடைக்கால ஆறுதலே என்று நீதிமன்றமே சொன்னது. ஆயினும், அடிப்படை உரிமையைப் பறித்த அரசு பணம் கட்ட வேண்டும் என்ற வழியைத் திறந்தது அந்தத் தீர்ப்பு. அதற்காக அதைப் போற்றுவோம்.

திறந்த வழி எப்படிப் போயிற்று? மராட்டியத்திலே நாடோடிக் குடியைச் சேர்ந்த ஆறு பேர். 2009இல் உச்ச நீதிமன்றமே அவர்களுக்குத் தூக்கு என்றது. 2019இல் அதே உச்ச நீதிமன்றம் நிரபராதிகள் என்றது. பதினாறு ஆண்டு இழப்புக்கு ஆளுக்கு 5 இலட்சம் கொடுக்கச் செய்தது. நாளொன்றுக்கு 90 ரூபாய்க்கும் குறைவு. நாகர்கோயிலிலே பிறந்த விண்வெளி அறிஞர் நம்பி நாராயணன் 1994இல் பொய்யான உளவு வழக்கிலே கைதாகி 50 நாள் சிறையிலிருந்தார். 2018இல் உச்ச நீதிமன்றம் 50 இலட்சம் கொடுக்கச் சொன்னது. பிறகு 2020இல் கேரள அரசு மேலும் 1 கோடியே 30 இலட்சம் கொடுத்தது. குசராத்தின் அட்சர்தாம் கோயில் தாக்குதல் வழக்கிலே, மரண தண்டனை பெற்றவர்கள் உள்ளிட்ட ஆறு பேர் 2014இல் நிரபராதிகள் என்று விடுதலையானார்கள். அவர்கள் 2016இல் இழப்பீடு கேட்டபோது உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விடுதலையான ஒவ்வொருவரும் கேட்கத் தொடங்கினால் ஆபத்தான முன்மாதிரியாகிவிடும் என்றது.

ஒருவர்க்கு நாளுக்கு ஓர் இலட்சத்துக்கும் மேலே. ஒருவர்க்கு 90 ரூபாய்க்கும் கீழே. ஒருவர்க்கு ஒன்றுமே இல்லை! நம்பி நாராயணனுக்குக் கொடுத்தது மிகையென்று சொல்லேன். அந்த அறிஞரின் மானத்துக்கு அது குறைவே. மற்றவர்க்குக் கொடாததுதான் வழக்கு. அளவுகோல் இல்லாத இடத்திலே, அறியப்பட்டவன் பெறுகிறான், அறியப்படாதவன் அழுகிறான்.

இதை முதலில் கண்டவன் நான் அல்லன். இந்தியச் சட்ட ஆணையம் 2018 ஆகஸ்டில் தன் 277ஆம் அறிக்கையை இந்தப் பொருளுக்கென்றே எழுதியது. தவறான வழக்கிலே சிக்கியவர்க்குச் சட்டப்படி இழப்பீடு வேண்டும், அதை விரைந்து முடிக்கத் தனி நீதிமன்றங்கள் வேண்டும், பணத்தோடு மனநல உதவியும் தொழிற்பயிற்சியும் வேண்டும் என்றது. அறிக்கை அச்சாயிற்று, அடுக்காயிற்று, அவ்வளவே ஆயிற்று. உலக மன்றத்திலோ நாம் முன்பே எழுதிக்கொடுத்துவிட்டோம். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையிலே 1979இல் சேர்ந்தபோது, சட்டத்துக்குப் புறம்பாகக் கைதானவர் அரசிடம் இழப்பீடு கேட்கும் உரிமை எங்கள் நாட்டுச் சட்டத்தில் இல்லை என்று ஒதுக்கீடு எழுதிச் சேர்ந்தோம். இல்லாததைச் செய்துகொள்கிறோம் என்று எழுதவில்லை. இல்லையென்றே இருந்துவிட்டுப் போகிறோம் என்று எழுதினோம்!

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? சப்பான் தன் அரசமைப்பின் 40ஆம் விதியிலேயே இந்த உரிமையை எழுதி வைத்திருக்கிறது. ஹக்கமாடா என்ற குத்துச்சண்டை வீரர் 1966இல் கைதாகி, 1968இல் தூக்குத் தண்டனை பெற்று, 2024இல் நிரபராதி என்று தீர்ப்புப் பெற்றார். 2025இல் நாளொன்றுக்கு 12,500 யென் கணக்கிட்டு 21 கோடி யென்னுக்கு மேல் கொடுத்தார்கள். அவர் இழந்த அரை நூற்றாண்டை அது மீட்காது. ஆனால் அங்கே கணக்குப் போட ஒரு வாய்பாடு இருந்தது. செர்மனியிலே சிறையிலிருந்த ஒவ்வொரு நாளுக்கும் 75 யூரோ. அமெரிக்க ஒன்றிய அரசின் சட்டத்திலே ஆண்டுக்கு 50,000 டாலர் வரை. தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆண்டுக்கு 1,00,000 டாலர் வரை. 'அவை பணக்கார நாடுகள்' என்பீர்கள். தங்கால் வார்த்திகனுக்கு ஊர் கொடுத்த பாண்டியன் டாலரிலா கொடுத்தான்?

* * *

மறுப்பாளர் சிலர் இருக்கிறார்கள். அவர்களையும் கேட்டுவிடுவோம்.

'விடுதலையானவனெல்லாம் நிரபராதியா? ஐயத்தின் பயனால் தப்பியவர்கள் எத்தனை பேர்!' என்கிறார்கள். இது வலுவான வாதந்தான், தள்ளிவிட முடியாது. எனக்கும் தெரியும், குற்றவாளி தப்புவதுண்டு. ஆனால், மெய்ப்பிக்கப்படும் வரையிலே எவனும் குற்றவாளியல்லன் என்பது சட்டத்தின் அடிக்கல். வழக்கு மன்றத்திலே அந்தக் கல்லின்மேல் நின்றுவிட்டு, கருவூலத்தின் வாயிலிலே அந்தக் கல்லைப் பெயர்ப்பது என்ன நேர்மை? ஐயமிருந்தால் நடுவர் மன்றம் ஒன்று ஆராயட்டும். சாட்சிகளை மிரட்டிக் கலைத்தவனுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டா. அதை எடுத்துக்காட்டும் சுமை மட்டும் அரசின் தோளிலே இருக்கட்டும்.

'போலீசார் அஞ்சி வேலை செய்யமாட்டார்கள்' என்கிறார்கள். தவறாக அறுத்தால் ஈடு கட்ட வேண்டும் என்பதற்காக மருத்துவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்களா? வண்டி மோதினால் ஈடு உண்டு என்பதற்காகப் பேருந்துகள் நின்றுவிட்டனவா? அஞ்ச வேண்டியவர் அஞ்சட்டும். பொய் வழக்குப் புனைகிறவர் அஞ்சத்தான் வேண்டும். நேர்மையான அதிகாரிக்கு இந்தச் சட்டம் பாதுகாப்பு; மேலிடம் 'எவனையாவது பிடி' என்று நெருக்கும்போது, 'ஐயா, நாளைக்குக் கணக்குக் கேட்பார்கள்' என்று சொல்ல அவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

'உரிமையியல் நீதிமன்றத்திலே வழக்குப் போடலாமே' என்கிறார்கள். பத்தாண்டு வழக்கிலே வீட்டை விற்றவன், இன்னொரு வழக்குக்கு எதை விற்பான்? அப்படிப் போனாலும் இறையாண்மை என்ற பழங்கோட்டைச் சுவர் எதிரே நிற்கும். 1947இல் மீரட்டிலே ரலியா ராம் என்ற வணிகரைப் பிடித்த போலீசார் அவருடைய தங்கத்தைக் காவலில் வைத்தார்கள். காவலுக்கு இருந்த தலைமைக் காவலரே அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். போலீசின் இறையாண்மைப் பணியிலே நேர்ந்தது, அரசு ஈடு கட்ட வேண்டியதில்லை என்று 1960களில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'மன்னன் தவறு செய்யான்' என்ற வெள்ளைக்காரன் கோட்பாட்டின் வழிவந்த தீர்ப்பு அது. நம் காப்பியத்து மன்னனோ, தவறு செய்தேன் என்று சொல்லி அரியணையிலேயே உயிரை விட்டவன். எந்த மரபு நமக்கு வேண்டும்?

'பணத்துக்கு எங்கே போவது?' என்பது கடைசி வாதம். அரசிடம் பணம் இல்லையென்றால், தவறான வழக்குகளைக் குறைப்பதே சிக்கனம். நாட்டின் சிறைகளிலே 2022இல் இருந்தவர்களில் நான்கில் மூவர் தீர்ப்பே பெறாத விசாரணைக் கைதிகள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே கணக்குக் காட்டியது. ஒவ்வொரு தவறான நாளுக்கும் விலை வைத்துப் பாருங்கள். விசாரணைகள் தாமாக விரைவு பெறும். இலவசமாகக் கிடைக்கிற வரையிலேதான் ஏழையின் ஆயுளை அரசு ஊதாரித்தனமாகச் செலவழிக்கும்.

* * *

டில்லி விழிக்கும்வரை தமிழகம் காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. தீங்குக்கு ஈடு கோரும் உரிமையும் குற்றவியல் நடைமுறையும் பொதுப் பட்டியலிலே இருக்கின்றன. சிறைச்சாலை மாநிலப் பட்டியலிலே இருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்க, ஒன்றியச் சட்டத்துக்கே திருத்தம் செய்து வழிகாட்டிய மாநிலம் இது. அன்று புரோகிதர் இல்லாமல் மணம் செல்லும் என்று எழுதிய பேனாவினால், இன்று காரணம் இல்லாமல் சிறை செல்லாது என்று எழுத முடியாதா?

எழுதவேண்டியது நீளமன்று. விடுதலையானவர் சிறையிலிருந்த ஒவ்வொரு நாளுக்கும் குறித்த தொகை. அது விலைவாசியோடு ஏறட்டும். விண்ணப்பம் கொடுத்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பு. விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பது சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பொறுப்பு. விடுதலையாகி வெளிவருகிற நாளிலேயே அந்தத் தாள் கையிலே இருக்கட்டும். பிள்ளைகளின் படிப்பும் இழந்த வேலையும் கணக்கிலே வரட்டும். 'இவர் குற்றமற்றவர்; அரசு வருந்துகிறது' என்று முத்திரையிட்ட சான்று ஒன்று அவர் ஊர் மன்றத்திலே படிக்கப்படட்டும். சிறையிலே அவர் இறந்துபோயிருந்தால் குடும்பத்துக்குப் போகட்டும். வேண்டுமென்றே பொய் புனைந்த அதிகாரி என்று மெய்ப்பிக்கப்பட்டால், அவர் சம்பளத்திலிருந்தும் ஒரு பங்கு பிடிக்கட்டும்.

இன்று கார்த்திகை அழுதால் கோயிற் கதவு அடைத்துக்கொள்வதில்லை. மடவார் வளாகத்திலே நாளைக் காலையும் கதவு திறக்கும், மணி ஒலிக்கும். நீதிமன்ற வாயிலிலே இன்னொரு கார்த்திகை நின்றுகொண்டிருப்பாள். சாமி கதவை அடைத்துச் சைகை காட்டும் என்று காத்திருந்த காலம் போயிற்று. அழுகுரல் கேட்டு அடைக்க வேண்டிய கதவு ஒன்றும் இல்லை; திறக்க வேண்டிய கதவு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கருவூலம். திறவுகோல் சட்டமன்றத்தின் கையிலே இருக்கிறது.

வாய்மை வெல்லட்டும். வென்ற வாய்மை, வெறுங்கையோடு வீடு திரும்பாமல் இருக்கட்டும்!